1990 சுவசெரிய: மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு, வராத ஹெலிகொப்டரையும் சேர்த்து

இலங்கையில் அரசாங்கத்தின் பெயரால் நடக்கும் சேவைகளுள் காசு வாங்காமல், சிபாரிசு கேட்காமல், அழைத்தவர் துரையா தொழிலாளியா என்று பாராமல் வாசலுக்கு வந்து சேரும் ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையைத்தான் காட்டுவேன். ஆனால் ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, பசறை, லுணுகலை என்று மேடும் பள்ளமும் வளைவுமாகக் கிடக்கும் நம் மலையகத் தேயிலைத் தோட்டப் பிரதேசத்தில் பெரிய விபத்து ஒன்று நடக்கும்போதெல்லாம் "ஹெலிகொப்டர் அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பார்கள்" என்ற பேச்சு கிளம்புகிறது. அடுத்த சம்பள நாளுக்குள் அடங்கியும் விடுகிறது. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்தச் சேவையின் நடைமுறையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையகத்துக்கு மருத்துவ ஹெலிகொப்டர் தேவைதான், ஆனால் அதனால் ஒருவர் பிழைப்பாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கப்போவது இயந்திரத்தின் வேகத்தை விட, தொலைபேசியை எடுத்தவர் முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் எடுக்கும் முடிவே.

சேவையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2016 ஜூலையில், இந்திய நன்கொடையாகக் கிடைத்த 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அதன் விரிவாக்க விழா நடந்தது. மேலும் 209 வண்டிகள் சேர, படிப்படியாக நாடு முழுவதற்கும் பரவியது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இதற்கென ஒரு மன்றத்தையும் அமைத்தது. இவற்றுக்கு நடுவில் நம்மோடு நேரடியாகத் தொடர்புடைய நாள் ஒன்றும் உண்டு. 2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்தில் மலையக மக்கள் முன் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, இந்த அம்பியூலன்ஸ் சேவை மற்ற மாகாணங்களுக்கும் வரும் என்று அங்கேதான் அறிவித்தார். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடத் தொகுதியைத் திறந்துவைத்ததும் அன்றுதான். அவர் வந்ததும் போனதும் ஹெலிகொப்டரில். ஆக, நமது பள்ளத்தாக்கில் ஹெலிகொப்டர் இறங்க இடம் இருக்கிறது, கூட்டத்தை ஒதுக்கி அதைப் பாதுகாப்பாக இறக்கி ஏற்ற ஆட்கள் இருக்கிறார்கள், இறங்கிய இடத்திலிருந்து வைத்தியசாலைக்கு வாகனம் போக வழி இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரே பகலில் தெரிந்துவிட்டது. விருந்தினருக்குச் செய்ய முடிந்த ஏற்பாட்டை நோயாளிக்கும் செய்து வைப்பது பெரிய விடயமாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, அழைத்தால் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால், நீங்கள் அப்கொட்டில் இருந்தாலும் அம்பாறையில் இருந்தாலும், அழைப்பு கொழும்பை அடுத்த இராஜகிரியவில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கே போகிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசலாம். வண்டிகள் பெரும்பாலும் பொலிஸ் நிலையங்களை ஒட்டி நிறுத்தப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஈ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவரும், சேவைக்குள் பைலட் என்று அழைக்கப்படும் சாரதியும் இருப்பார்கள். கட்டுப்பாட்டு நிலையம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. பதற்றத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்விகள் எரிச்சலைத் தரும். "முதலில் வண்டியை அனுப்புங்கள், பிறகு கேளுங்கள்" என்று கத்தத் தோன்றும். ஆனால் எந்த வண்டி, எவ்வளவு அவசரம், வழியில் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதில்களிலிருந்துதான் தீர்மானமாகின்றன. உலகத்தில் ஹெலிகொப்டர் அனுப்பும் சேவைகள் எல்லாமும் ஏறத்தாழ இதே கேள்விகளிலிருந்துதான் தொடங்குகின்றன.

எங்கள் தோட்டத்தில், நிழல் மரத்தின் கிளை வெட்ட ஏறிய அண்ணன் ஒருவர் வழுக்கிக் கீழே விழுந்தபோது அழைப்பை எடுத்தவன் நான். மறுமுனையில் இருந்த பெண்ணின் குரலில் அவசரமே இல்லை. "அண்ணா, கூப்பிட்டா அவர் பதில் சொல்றாரா? மூச்சு ஒழுங்கா வருதா? எவ்வளவு உயரத்தில இருந்து விழுந்தாரு? அவரைத் தூக்கி உட்கார வைக்காதீங்க, தலையை அசைக்காமப் பிடிச்சுக்கச் சொல்லுங்க." இதுவரைக்கும் எல்லாம் சரியாகவே போனது. அடுத்து "எந்த இடம்?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் எங்கள் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் விளங்கும்: "ஸ்டோரடியைத் தாண்டி, பணிய லயத்துப் பீலிக்கரைக்கு மேல." இராஜகிரியவில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் எது வீதி, எது ஊர் என்று எப்படித் தெரியும்? லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை, கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்துக்கு வந்துதான் கைக்குக் கிடைக்கிறது. அந்தப் பெண் சிறிதும் சலிக்காமல், "பெரிய ரோட்டில எந்தக் கட்டைக்குப் பக்கத்தில திரும்பணும்? திரும்புற இடத்தில கடையோ கோயிலோ இருக்கா? அங்க ஒருத்தரை நிற்க வைக்க முடியுமா?" என்று, வீதியோர மைல் கட்டையையும் அடையாளத்தையும் வைத்துக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அதன்பிறகே வழி பிறந்தது. ஒரு பையனைச் சந்திக்கு ஓடவிட்டோம். அவன் கைத்தொலைபேசி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டு நின்றான்.

வண்டி, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம் வரைதான் வர முடிந்தது. அதற்குக் கீழே படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் மட்டுமே. நாங்கள் வழக்கம்போலக் கம்பளியை விரித்து நான்கு மூலையைப் பிடித்துத் தூக்கத் தயாரானோம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நோயாளி மேலே போகும் வழி அதுதான். பைலட்டும் ஈ.எம்.டி.யும் பலகையையும் கழுத்துப் பட்டியையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்கள். ஈ.எம்.டி. தம்பிக்கு இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்காது. "கம்பளி வேண்டாம் அண்ணா, முதுகு வளைஞ்சா கால் ரெண்டும் போயிடும்" என்றார். கழுத்துக்குப் பட்டி கட்டி, உடம்பை ஒரே வாட்டாகப் புரட்டிப் பலகையில் ஏற்றி, ஆறு பேரை இரு பக்கமும் நிறுத்தி, தலைப் பக்கம் மேட்டை நோக்கியிருக்க வேண்டும் என்று சொல்லி, எண்ணிக்கை சொல்லி எண்ணிக்கை சொல்லித் தூக்க வைத்தார். அந்த ஏற்றத்தில் அவர் நோயாளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இந்தச் சேவைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால், அந்த நான்கும் இப்படிப்பட்ட ஆட்களுக்கே உரியவை. ஒன்றைக் குறைத்துக்கொண்டதற்குக் காரணம் அவர்களது கைக்கு அப்பாற்பட்டது.

அந்தக் காரணம் இரண்டாவது பயணத்தில் இருக்கிறது. 1990 வண்டியின் வேலை, சம்பவ இடத்திலிருந்து தகுந்த அரச வைத்தியசாலை வரை. நமக்கு அது பெரும்பாலும் கிளங்கன், நுவரெலியா, நாவலப்பிட்டி அல்லது பதுளை. தலையில் பலத்த அடி, நெஞ்சுக்குள் இரத்தக் கசிவு, முதுகெலும்பு முறிவு போன்றவற்றுக்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுமென்றால், அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றுகிறார்கள். மாற்றுவது வைத்தியசாலையின் சொந்த அம்பியூலன்ஸ். ஹற்றனிலிருந்து கண்டிக்கு, கினிகத்தேனை வளைவுகள் வழியாக, வீதி நன்றாக இருந்தாலே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மழையும் மண்சரிவும் வந்தால் கணக்கே கிடையாது. மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள தோட்டத்திலிருந்து புறப்பட்டவருக்கு, கண்டி சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு திறக்கும் நேரத்தில் விபத்து நடந்து அரை நாள் கழிந்திருக்கும். பலத்த காயம்பட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் உயிர்நாடி என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆர். ஆடம்ஸ் கௌலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் விடாது வலியுறுத்தினார். 1970இல் அந்த மாநிலத்தின் பொலிஸ் ஹெலிகொப்டர்கள் காயம்பட்டவர்களை ஏற்றிவரத் தொடங்கியதன் பின்னால் இருந்த எண்ணமும் அதுவே. நமது மலைகளில் அந்த முதல் மணி நேரம், பெரும்பாலும் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறுவதிலேயே தீர்ந்துபோகிறது.

அப்படியானால் ஹெலிகொப்டர்? 1990க்குச் சொந்தமாக ஹெலிகொப்டர் கிடையாது. இலங்கையில் காயம்பட்டவரை வானத்தில் ஏற்றும் வேலையைத் தேவைப்படும்போது செய்வது விமானப் படை. அதன் முதன்மைப் பணி அதுவல்ல என்றாலும் பலமுறை செய்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து மலையக வீதிகள் துண்டு துண்டாக உடைந்தபோது, கொத்மலை போன்ற இடங்களில் அகப்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தவை நமது விமானப் படையின் ஹெலிகொப்டர்களும் இந்திய விமானப் படையின் எம்.ஐ.-17களும்தான். பேரனர்த்த நேரத்தில் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம், மாவட்டச் செயலகம், படை அதிகாரிகள் என்று கோரிக்கை மேலே போய் இறங்கி வர நேரம் எடுக்கும்; ஆனால் ஊரே துண்டிக்கப்பட்டிருப்பதால், தாமதமானாலும் பயன் இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்த ஒரே ஒரு தொழிலாளிக்கோ, குளவி கொட்டி மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கோ கோரிக்கை ஏறி இறங்கும் இந்தப் படிக்கட்டு உதவாது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விமானப் படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர்கள் ஹிங்குராக்கொடையில் நிற்கின்றன. அங்கிருந்து ஹற்றன் நேர்கோட்டில் சுமார் 135 கிலோமீற்றர். கட்டுநாயக்கவோ இரத்மலானையோ என்றால் 80 கிலோமீற்றரை ஒட்டி வரும். மணிக்கு 180 கிலோமீற்றர் வேகம் என்று வைத்துக்கொண்டால், முன்னதற்கு முக்கால் மணி நேரம், பின்னதற்கு அரை மணி நேரம் பறக்க வேண்டும். ஹற்றனிலிருந்து கண்டிக்கு நேர்கோட்டில் 45 கிலோமீற்றர்தான். கால் மணி நேரத்தில் போய்விடும். எல்லோர் கண்ணிலும் படுவது இந்தக் கடைசிக் கால் மணி நேரம் மட்டுமே. அதற்கு முன்னால், கோரிக்கை மேலே போகும் நேரம், குழு ஏறி இயந்திரம் சூடாகும் நேரம், பறந்து வரும் நேரம், மேகம் விலகுமா என்று வட்டமிடும் நேரம், நோயாளியை மைதானத்துக்குக் கொண்டுவந்து ஏற்றும் நேரம் ஆகியவை இருக்கின்றன. இவற்றைக் கூட்டினால், விபத்து நடந்து ஒரு மணி நேரம் கழித்து "ஹெலிகொப்டர் கேட்கலாமா" என்று யோசிக்கத் தொடங்கினால், வீதி வழியே போன அம்பியூலன்ஸே முதலில் கண்டியை அடைந்துவிடவும் கூடும். முதல் அழைப்பிலேயே, தரை வண்டி புறப்படும் அதே நிமிடத்தில், ஹெலிகொப்டரையும் தயார் நிலைக்குக் கொண்டுவந்தால் மட்டுமே வானத்தில் போவதற்கு அர்த்தம் இருக்கிறது. தேவையில்லை என்று தெரிந்தால் பாதி வழியில் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதை நன்றாகச் செய்யும் இடங்கள் எல்லாவற்றிலும், அனுப்பும் மேசையில்தான் அக்கறை குவிந்திருக்கிறது. சுவிற்சர்லாந்தின் றேகா 1952இல் தொடங்கிய மலை மீட்புச் சேவை. யாரும் 1414 என்ற இலக்கத்தை நேரடியாக அழைக்கலாம், எந்தத் தளத்து ஹெலிகொப்டர் போக வேண்டும் என்பதைச் சூரிச் விமான நிலையத்தில் உள்ள ஒரே மையம் தீர்மானிக்கிறது. இலண்டனில், ஹெலிகொப்டர் குழுவைச் சேர்ந்த துணை மருத்துவர் ஒருவர் அம்பியூலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்து, வந்து குவியும் அழைப்புகளுக்குள் தமக்குரியதைப் பொறுக்கி எடுக்கிறார். உயரத்திலிருந்து விழுந்தாரா, வாகனத்துக்குள் நசுங்கிக் கிடக்கிறாரா, கூட வந்தவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டாரா என்பது போன்ற விடயங்கள் காதில் விழுந்தவுடன், இரண்டாவது கருத்துக்குக் காத்திராமல் குழுவை அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. நமக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் இந்தியாவின் உத்தரகண்ட் மலைநாடு: 2024 அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் வைத்தியசாலை ஹெலிகொப்டர் அம்பியூலன்ஸ் ஒன்றைத் தொடங்கியது. அங்கே வைத்தியசாலையே ஹெலிகொப்டரின் வீடாக இருப்பதால், சிகிச்சைக் குழுவைத் தேடி இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியதில்லை. 2025 மே மாதம் கேதார்நாத்தில் அதே ஹெலிகொப்டர் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானதையும் சேர்த்துத்தான் இந்த உதாரணத்தைப் படிக்க வேண்டும். நல்ல வேளையாக உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள்.

மலையும் வானூர்தியும் ஒத்துப்போகாத வரலாறு நமக்கும் இருக்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்ததை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2020 ஜனவரியில் ஹப்புத்தளையில் விமானப் படையின் வை-12 விமானம் விழுந்து நால்வர் மாண்டார்கள். 2025ஆம் ஆண்டில் மட்டும் பெல் 212 இரண்டு போயின: மே 9 அன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் ஒன்று, ஆறு படையினரோடு, நவம்பர் 30 அன்று டித்வா நிவாரணப் பணியின்போது லுணுவிலவில் மற்றொன்று, அதன் விமானியோடு. கடைசி இரண்டும் மலையில் நடந்தவை அல்ல, ஆனாலும் யாரையாவது காப்பாற்றப் போகும் ஹெலிகொப்டருக்குள் இருப்பவர்களும் உயிருள்ள மனிதர்களே. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பனிமூட்டம் பள்ளத்தாக்கை விழுங்கும் வட்டவளையையும், தென்மேற்குப் பருவ மழையில் நாள் கணக்கில் முகம் காட்டாத நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தையும் அறிந்தவர்கள், "ஏன் பறக்கவில்லை" என்று ஒரு விமானியிடம் கேட்கத் தயங்குவார்கள். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தின் மெல்லிய காற்றில் ஹெலிகொப்டர் தூக்கக்கூடிய பாரமும் குறையும். அனுப்பும் அதிகாரம் ஒருவருக்கு இருப்பது போலவே, முடியாது என்று சொல்லும் அதிகாரமும் விமானிக்கு இருக்க வேண்டும். அமைச்சர் தொலைபேசியில் அழைத்தாலும் அது மாறக் கூடாது. நம் நாட்டில் இந்தக் கடைசி வாக்கியத்தைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

இருட்டைப் பற்றியும் பேச வேண்டும். மலையகத்தை உலுக்கிய அண்மைக்கால விபத்துகளை நேரப்படி அடுக்கிப் பார்த்தேன். 2021 மார்ச் 20 பசறை பதின்மூன்றாம் கட்டை பஸ் விபத்து காலையில் நடந்தது. 2023 ஜனவரி 20 நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஏழு பேர் இறந்தது இரவு விழுந்த பிறகு. 2025 மே 11 கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது விடிவதற்கு முன். அதே ஆண்டு செப்டெம்பர் 4 எல்ல–வெல்லவாய வீதியில் பதினைந்து பேர் இறந்தது இரவில். நான்கில் மூன்று இருட்டில். மலைக்கு நடுவே, விளக்கில்லாத மைதானத்தில், கம்பி எங்கே ஓடுகிறது என்று தெரியாத இடத்தில் இரவில் இறங்குவது எந்த நாட்டிலும் எளிதான காரியமல்ல. இலண்டன் குழுவே இருட்டிய பிறகு ஹெலிகொப்டரை விட்டுவிட்டு, அதே மருத்துவரைக் காரில் ஏற்றி அனுப்புகிறது. எல்லவில் அன்றிரவு உயிர்களை மேலே கொண்டுவந்தது கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கிய ஊராரும் படையினரும்தான். ஆகவே "ஹெலிகொப்டர் இருந்திருந்தால்" என்ற பேச்சு, இந்த நான்கில் மூன்றுக்குப் பொருந்தாது. அவற்றுக்குப் பொருந்துவது, அவசர மருத்துவ நிபுணர் ஒருவர் ஹற்றனிலோ பண்டாரவளையிலோ நிரந்தரமாக நின்று, பெரிய விபத்து என்றவுடன் தரை வழியே புறப்படும் ஏற்பாடு. அதற்கு ஹெலிகொப்டரின் செலவில் மிகச் சிறிய பங்கே போதும். இதை ஏன் யாரும் தேர்தல் மேடையில் சொல்வதில்லை என்றால், காரின் படம் சுவரொட்டியில் எடுபடாது.

பகலில் நடக்கும் விபத்துக்கும், வைத்தியசாலையிலிருந்து வைத்தியசாலைக்கு மாற்றுவதற்கும் ஹெலிகொப்டர் பயன்படும். குறிப்பாக இரண்டாவதுக்கு. கிளங்கன் வைத்தியசாலையில் இரத்தப் போக்கை நிறுத்தி, மூச்சுக் குழாய் வைத்து, நிலைப்படுத்திய நோயாளியைக் கால் மணி நேரத்தில் கண்டிக்குக் கொண்டுபோக முடிந்தால், அது சம்பவ இடத்துக்கே பறந்து போவதை விடப் பல நேரங்களில் பயன் தரும். ஹெலிகொப்டருக்குள் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் வேலை செய்யாது, நெஞ்சை அழுத்துவது சிரமம், இடமும் நெருக்கடி. செய்ய வேண்டியதைத் தரையிலேயே செய்துவிட்டு ஏற்றுவதுதான் எங்கும் வழக்கம். 1990இன் ஈ.எம்.டி.களை அப்படியே ஹெலிகொப்டரில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

இறங்கும் இடம் பற்றி மலையகத்தார் பேசுவதற்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் அந்த அறிவு கொழும்பில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. பகலில் ஒரு நடுத்தர ஹெலிகொப்டருக்கு, குறைந்தது முப்பது மீற்றருக்கு முப்பது மீற்றர் சமதரையும், நுழையும் வெளியேறும் திசைகளில் மரமும் கம்பியும் இல்லாத வெளியும் வேண்டும். தேயிலை மலை பார்வைக்குத் திறந்தவெளி போலத் தெரிந்தாலும் சரிவு காரணமாக உதவாது. மிஞ்சுவது மைதானங்கள்: ஹற்றன் டன்பார் போன்ற நகர மைதானங்களும், ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் பாடசாலையையோ கோயிலையோ ஒட்டிக் கிடக்கும் விளையாட்டு மைதானங்களும். எங்கள் தோட்டத்து மைதானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தேன். நீளம் போதும். கிழக்கு மூலையில், லயத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி மைதானத்துக்குக் குறுக்கே தொய்ந்து ஓடுகிறது. சாம்பல் வானத்தில் அது கண்ணுக்கே தெரிவதில்லை. மேற்குப் பக்கம் மேட்டு லயத்தின் தகரக் கூரைகள், ஆணி துருப்பிடித்துப்போனதால் கருங்கல்லும் பழைய டயரும் வைத்து அமுக்கப்பட்டவை. ஹெலிகொப்டர் கிளப்பும் காற்றில் முதலில் பறப்பது அந்தத் தகரங்கள்தான். ஒருவரைக் காப்பாற்ற வந்த இடத்தில் இன்னொருவரின் தலையில் தகரம் விழுந்துவிடக் கூடாது. விளிம்பில் மேடு இருக்கும் பக்கத்திலிருந்து யாரும் ஓடி வரக் கூடாது, ஏனென்றால் சுழலும் இறக்கை அந்தப் பக்கம் தலை மட்டத்துக்கு வந்துவிடும். வாலின் பக்கம் எந்த நிலையிலும் போகக் கூடாது. விமானி கைகாட்டும் வரை ஒருவரும் அசையக் கூடாது. ஹெலிகொப்டர் என்றால் ஊரே திரண்டு ஓடிவரும் நமக்கு, இவற்றுள் கடைசியானதுதான் மிகவும் கடினம்.

இத்தகைய மைதானங்களின் பட்டியல் ஒன்று, கம்பி ஓடும் திசை, கூரைகளின் நிலை, வண்டி வர வழி, பகலில் திறந்துவிடப் பொறுப்பான ஆள், அவரது தொலைபேசி ஆகியவற்றோடு இராஜகிரியவின் திரையில் இருந்தால், ஹெலிகொப்டர் வாங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். அதைத் தயாரிக்கப் பெரிய நிதி தேவையில்லை. தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் தோட்டத் தலைவர்களும் சேர்ந்தால் போதும். அதோடு அதே பட்டியலில் ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இலக்கம் போட்டுவிட்டால், ஹெலிகொப்டரே வராவிட்டாலும் தரை வண்டி வழி தவறாமல் வரும். நான் குறைத்துக்கொண்ட அந்த ஒரு நட்சத்திரம் இரண்டாவது பயணத்துக்காக மட்டுமல்ல, இந்தப் பட்டியல் இல்லாததற்காகவும்தான். அதைச் செய்ய வேண்டியது 1990 மட்டுமல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

செலவு பற்றி ஒரு சொல். 1990 வண்டிக்கு நோயாளி ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. ஹெலிகொப்டர் வந்தால் அதுவும் அதே இலக்கத்தின் கீழ், அதே விதமாக இலவசமாக வர வேண்டும். தனியார் ஹெலிகொப்டரை வாடகைக்குப் பிடிக்கக்கூடியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். நாட்கூலியில் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது. தனி இலக்கம், தனி அலுவலகம் என்று பிரித்துவிட்டால், எதை அழைப்பது என்று யோசிப்பதிலேயே தோட்டத்தில் நேரம் போய்விடும்.

அதுவரை, இருக்கும் சேவையை முழுமையாகப் பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது. உங்கள் லயத்துக்குப் பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் இடம், அதன் அருகேயுள்ள கட்டை இலக்கம், கடை அல்லது கோயிலின் பெயர், வண்டி எதுவரை வரும், அதற்குமேல் எத்தனை பேர் தூக்க வேண்டும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். குளவி கொட்டியவர் என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்; எத்தனை பேர், யாருக்கு மூச்சு இழுக்கிறது என்பதையும் கூடவே சொல்லுங்கள். தோட்ட மருந்துக்காரரையும் உடனே அழைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் வந்து பார்க்கட்டும் என்று 1990ஐத் தள்ளிப்போடாதீர்கள். விழுந்தவரைக் கம்பளியில் தூக்க வேண்டாம். சந்திக்கு ஒருவரை அனுப்புங்கள். அழைத்த தொலைபேசியை வேறு யாருக்கும் பேசக் கொடுக்காதீர்கள். வழி கேட்க வண்டியின் பைலட் திரும்ப அழைப்பது அந்த இலக்கத்துக்குத்தான்.